பேரன் சுமக்கும் பெயர்



‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ‘பேத்தி’ என்ற சொல்லும் அவ்வாறே ‘பெயர்த்தி’ என்பதிலிருந்து வந்ததுதான். தலைப்பிள்ளைக்குப் பாட்டனின் பெயரையோ பாட்டியின் பெயரையோ வைக்கும் வழக்கம் எமது சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றது. குடும்பம் தொடர்கின்றது என்பதற்கு அந்தப் பெயரே அடையாளமாக விளங்கியது.

போரின் பின்னர் எமது பிரதேசங்களில் இந்த வழக்கத்தில் ஒரு மாற்றத்தை அவதானிக்க முடிகின்றது. பல வீடுகளில் பேரப்பிள்ளைக்கு வைக்கப்படுவது பாட்டனின் பெயர் அல்ல. பாட்டன் இழந்த மகனின் பெயர். இறந்துபோன, அல்லது காணாமற்போன ஒரு மாமாவின், சித்தப்பாவின், பெரியப்பாவின் பெயர். அந்தப் பெயரோடு சேர்த்துப் பாட்டனின் பாசம், பயம், ஏக்கம் ஆகியனவும் அந்தச் சின்னப் பிள்ளையின் தோளில் ஏற்றப்படுகின்றன.

பேரன் மீது பாட்டன் வைக்கும் பாசத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகின்றேன். ‘பாசத்தில் பேச என்ன இருக்கின்றது? அது நல்லதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆயினும் நல்லதொரு விடயத்தையும் நாம் சரியாக விளங்கிக் கொண்டால்தான் அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் நன்மையாக அமையும்.

மகனைத் தூக்காத கைகள்

காலை வேளையில் எமது கிராமங்களின் முன்பள்ளி வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுபவர்களில் பழைய சைக்கிளோடு வரும் முதியவர்கள் பலர் இருப்பார்கள். சைக்கிள் பாரில் ஒரு சின்ன ஆசனம் பூட்டியிருக்கும். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கைபிடியில் தொங்கும். இறக்கிவிடும்போது பேரனின் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டிவிட்டு, தோளில் கிடக்கும் துவாயால் மூக்கையும் துடைத்து உள்ளே அனுப்புவார்கள்.

இதைப் பார்க்கும் மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் ஆச்சரியமாக இருக்கின்றது. “எங்களை ஒருநாளும் மடியில வச்சிருக்காத மனிசன். அவர் முத்தத்தில வந்து நிண்டால் நாங்கள் குசினிக்குள்ள ஓடிருவம். இப்ப பாருங்கோ, இவனுக்கு முதுகு காட்டி யானை விளையாட்டு விளையாடுறார்” என்று ஒரு சகோதரி மகளிர் சங்கக் கூட்டத்தில் கூறியபோது, அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அது எல்லோருடைய வீட்டுக் கதையாகவும் இருந்தது.

இதற்குச் சமூகவியலில் ஒரு விளக்கம் உண்டு. றட்கிளிஃப் பிரவுண் என்ற மானிடவியலாளர் 1940ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். பிள்ளையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெற்றோரிடம் இருப்பதால் அவர்களுக்கும் பிள்ளைக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கும். பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையில் அந்த அதிகாரம் இல்லை. எனவே அவர்கள் நண்பர்களைப் போலப் பழகவும் ஒருவரை ஒருவர் கேலி செய்யவும் முடிகின்றது. உலகின் பல சமூகங்களில் இந்த வழக்கம் காணப்படுகின்றது.

எம்மவர்களைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இன்று எழுபது வயதான ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இடம்பெயர்ந்தபோது அவர் நாற்பது வயதுக் குடும்பத் தலைவர். 2009இல் மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள் இருந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். மகனைக் கொஞ்ச வேண்டிய வயதில் அவர் பதுங்குகுழி வெட்டினார், கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார், நிவாரண வரிசையில் நின்றார். கண்டிப்பாக இருப்பதே தகப்பனின் கடமை என்று நம்பிய தலைமுறை அது. அந்த நம்பிக்கையோடு போரும் சேர்ந்து கொண்டது. சொல்லாமல் விட்ட அன்பெல்லாம் இப்போதுதான் வெளியே வருகின்றது. அது பேரனிடம் வந்து சேர்கின்றது.

பாட்டன் தருவது என்ன?

கணவனை இழந்த, அல்லது கணவன் விட்டுச் சென்ற ஒரு பெண்ணுக்கு வீட்டில் தகப்பனோ மாமனாரோ இருப்பது பெரும் உதவி. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் சகோதரிகளை ஏற்றும் பஸ் விடியப்புறமே வந்துவிடும். பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, பாடசாலைக்கு அனுப்புவது யார்? கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது? பல வீடுகளில் இதற்கெல்லாம் பதில் பாட்டன்தான். இந்த வேலைகளை நாம் ‘உதவி’ என்கின்றோம். உண்மையில் இது பிள்ளை வளர்ப்பு. ஓர் ஆணும் பிள்ளை வளர்க்கலாம் என்பதை அந்தச் சிறுவன் தன் வீட்டிலேயே பார்த்து வளர்கின்றான். மென்மையாகப் பேசும் ஓர் ஆணை அன்றாடம் பார்க்கும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இரண்டாவதாக, பாட்டனிடம் எமது இடங்களின் அறிவு இருக்கின்றது. காலபோகத்துக்கு எப்போது விதைப்பது, சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலால் வரும், பாலைக்கும் வீரைக்கும் முதிரைக்கும் என்ன வித்தியாசம் என்பவற்றை அவர் நடந்து போகும்போதே சொல்லிக் கொடுப்பார்.

மூன்றாவது, குடும்பத்தின் ஞாபகம். எம்மில் எத்தனை பேருடைய வீட்டில் பழைய புகைப்பட அல்பம் மிஞ்சியிருக்கின்றது? இடம்பெயர்வுகளில் பலவும் போய்விட்டன. உன் கொப்பாட்டன் யார், நாங்கள் எங்கிருந்து இங்கு வந்தோம், இந்தக் கிணறு யார் வெட்டியது என்று சொல்ல இன்று மிஞ்சியிருப்பவர்கள் இந்த முதியவர்கள்தான்.

பாட்டனுக்கும் இது மருந்தாக அமைகின்றது. வருடக்கணக்காக யாருடனும் பேசாமல் மரத்தடியில் குந்தியிருந்த முதியவர்கள் பேரன் பிறந்த பின்னர் பேசத் தொடங்கியதை நான் கண்டிருக்கின்றேன். பேரன் ‘மணக்குது’ என்று முகத்தைத் திருப்பியதற்காகக் குடியை விட்டவரும் உண்டு.

“நானும் துலைஞ்சு போவனோ?”

இனி ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கின்றேன். அடையாளங்களை மாற்றியிருக்கின்றேன்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மகன் 2009 மே மாதத்தில் காணாமற்போனபோது பதினெட்டு வயது. மகள் அப்போது சிறுமி. இன்று அந்த மகளுக்கு முப்பது வயதாகின்றது. கணவர் விபத்தொன்றில் இறந்துவிட்டார். ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளையும் ஆறு வயதில் ஓர் ஆண்பிள்ளையும் இருக்கின்றார்கள். ஆண்பிள்ளைக்கு மாமாவின் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டவர் அம்மப்பாதான். மகளும் விரும்பித்தான் வைத்தார்.

அம்மப்பாவின் பாசத்துக்கு அளவே இல்லை. பேரன் முதலாம் தரத்துக்குப் போனபோது, பாடசாலை விடும் வரை அவர் வாசலிலேயே நின்றார். குளத்துக்குப் போக விடமாட்டார். பாடசாலைச் சுற்றுலாவுக்கு அனுப்ப மாட்டார். ஒரு காய்ச்சல் வந்தாலும், “பெத்தனி, பார்க்கத் தெரியாதோ?” என்று மகளுக்கு ஏச்சு விழும். மகள் பேரனைக் கண்டித்தால் அவர் அவனைத் தூக்கிக் கொண்டு போய்விடுவார். சில நேரங்களில் அவனோடு கதைக்கும்போது, “நீ அப்ப இந்தக் கிணத்துக்குள்ள விழப் பார்த்தனியெல்லோ?” என்று கேட்பார். விழப் பார்த்தவன் பேரன் அல்ல. முப்பது வருடத்துக்கு முந்திய மகன்.

ஒருநாள் இரவு அந்தச் சிறுவன் தாயிடம் கேட்டிருக்கின்றான்: “அம்மா, நானும் பெரிசாக வந்தால் மாமா மாதிரித் துலைஞ்சு போவனோ?”

அந்தத் தாய் விடியும் வரை தூங்கவில்லை. அடுத்த நாள்தான் அவர் எம்மிடம் வந்தார். “அப்பாவைக் குறை சொல்ல ஏலாது. அவர் இல்லாட்டி நான் இல்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன நடக்குது எண்டு எனக்குப் பயமாயிருக்கு” என்றார்.

பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். இறந்தாரா இருக்கின்றாரா என்பது தெரியாத இழப்பு ஏனைய இழப்புகளைப் போன்றதல்ல. அதற்குச் சடங்கும் இல்லை, முடிவும் இல்லை. மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அதனை அவர் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். இதை விளங்கிக் கொள்ள எம்மவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது படங்களை ஏந்தி அங்கே அமர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மாரும் மனைவியரும். தாயின் கண்ணீரை ஊர் கண்டது. தகப்பனின் துயரமோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. பேச இடமில்லாத அந்தத் துயரம் பேரனிடம் போய்ச் சேர்வதில் வியப்பில்லை.

நாம் அந்த ஐயாவிடம் போனபோது பேரனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மகனைப் பற்றித்தான் கேட்டோம். அவர் நீண்ட நேரம் பேசினார். மகனுக்குப் பிடித்த சாப்பாடு, அவன் ஓடிய சைக்கிள், கடைசியாகக் கண்ட இடம். ஆணைக்குழுக்களுக்கெல்லாம் போய் வந்தவர் அவருடைய மனைவி. மனைவி காலமாகி விட்டார். “அவதான் எல்லாம் சொன்னவ. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை” என்றார் அந்த ஐயா. பேரன் கேட்ட கேள்வியை அதற்குப் பின்னர்தான் மகள் சொன்னார். “அப்பா, அண்ணாவை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேடுவம். இவனை இவனாக இருக்க விடுங்கோ” என்றும் சொன்னார். அவர் பதில் சொல்லாமல் எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

ஆனால் சில மாற்றங்கள் வந்தன. மாமாவின் படத்தைச் சுவரில் மாட்டி, அவருடைய பிறந்தநாளில் எல்லோருமாகச் சேர்ந்து பொங்குகின்றார்கள். மாமா ஒருவர், நான் வேறொருவர் என்பது இப்போது சிறுவனுக்குத் தெளிவாகத் தெரிகின்றது. வீட்டில் அவனைக் கூப்பிட வேறொரு செல்லப் பெயரும் வந்துவிட்டது. அதை வைத்தது அவனுடைய அக்கா. பதிவில் உள்ள பெயர் அப்படியே இருக்கின்றது. அதை மாற்றத் தேவையில்லை. மழை நாட்களில் மட்டும் அம்மப்பா இன்னும் பாடசாலை வாசலில் நிற்கின்றார். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பேத்தியும் பெயர்த்திதான்

இந்தக் கதையில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை எங்கே என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அவள் பாடசாலைக்கு நடந்து போனாள். தம்பி சைக்கிளில் போனான். முட்டை ஒன்றுதான் இருந்தால் அது தம்பிக்கு. அம்மப்பாவுக்கு அவள் மீது வெறுப்பு எதுவும் இல்லை. அவருடைய கண்ணுக்கு அவள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பல வீடுகளில் இதுவே நடக்கின்றது. ‘குலம் தழைக்க ஆண்பிள்ளை’ என்ற பழைய எண்ணத்தோடு, இழந்த மகனின் இடத்தை நிரப்பும் ஆசையும் சேரும்போது பேத்தி பின்னுக்குப் போய்விடுகின்றாள். அவள் அதைச் சொல்லமாட்டாள். தம்பிக்கு இரகசியமாகக் கிள்ளுவாள், அல்லது வயதுக்கு மீறி வீட்டு வேலைகளைச் செய்து நல்ல பெயர் எடுக்கப் பார்ப்பாள். இரண்டுமே அவள் எம்மிடம் சொல்லும் செய்திதான். சைக்கிள் கரியரில் அவளுக்கும் ஓர் இடம் இருக்கின்றது என்பதைப் பாட்டனுக்கு ஞாபகப்படுத்துவது தாயின் பொறுப்பு.

பாசம் உரிமை கேட்கும்போது

தகப்பன் வழிப் பாட்டனின் பாசம் சில குடும்பங்களில் வேறொரு சிக்கலைக் கொண்டு வருகின்றது. கணவன் இறந்த பின் ஒரு பெண் தன் தாய் வீட்டுக்குப் போக நினைக்கின்றாள், அல்லது மறுமணம் செய்ய நினைக்கின்றாள். அப்போது மாமனார், “நீ போறதெண்டால் போ. என்ர மகன்ர பிள்ளையை விட்டிட்டுப் போ” என்கின்றார். இதில் உள்ளதும் பாசம்தான். ஆயினும் ஒரு விடயத்தைத் தெளிவாக அறிந்திருங்கள். தந்தை இறந்த பின் பிள்ளையின் இயல்பான பாதுகாவலர் தாய். தகராறு ஏற்பட்டால், பிள்ளையின் நலன் எது என்பதையே நீதிமன்றம் முதன்மையாகக் கவனிக்கும். இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் பிள்ளையின் நலனையே முன்வைக்கின்றது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. பயமுறுத்தலுக்குப் பணிந்து எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

அதேவேளை, பிள்ளையைப் பாட்டனிடமிருந்து முற்றாகப் பிரிப்பதும் தீர்வு அல்ல. மகனை இழந்தவரிடமிருந்து பேரனையும் பறித்தால் இரண்டு பேருக்கும் அது மறுபடியும் ஓர் இழப்பு. ஒரு சகோதரி தன் மாமனாரிடம் சொன்னதை இங்கே தருகின்றேன்: “மாமா, நான் அவனுக்குத் தாய். நீங்கள் அவனுக்கு அப்பப்பா. ரெண்டும் அவனுக்கு வேணும். ஒவ்வொரு பாடசாலை லீவுக்கும் நானே கொண்டு வந்து விடுவன்.” சொன்னபடியே அவர் செய்தும் வருகின்றார்.

கணவர் காணாமற்போன குடும்பங்களில் ஆவணம் எடுப்பதிலும் மனக்கசப்பு வருவதுண்டு. ‘மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விடமாட்டேன்’ என்று மாமனார் சொல்வார். மருமகளுக்கோ பிள்ளையின் அலுவல்களுக்கு ஏதாவது ஓர் ஆவணம் தேவை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறும் வசதி ஏற்படுத்தப்பட்டது. இதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. தேடுவதைக் கைவிட்டதாகவும் ஆகாது. மாமனாருக்கு இதை ஆறுதலாக விளக்கிச் சொன்னால் பல வீடுகளில் சண்டை தணியும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பாட்டனோடு பேசுங்கள். பிள்ளையின் முன்னால் அல்ல. சாப்பாடு, படிப்பு, கண்டிப்பு ஆகியவற்றில் தாயின் முடிவே இறுதியானது என்பதை மரியாதையோடு சொல்லுங்கள். அதற்குப் பதிலாக அவருக்கென்று சில பொறுப்புகளை முழுமையாக விட்டுவிடுங்கள். கதை சொல்வது, தோட்டம், கோயில், மாலை நேர உலா. தன் இடம் பறிபோகவில்லை என்று தெரிந்தால் அவர் விட்டுக்கொடுப்பார்.

இரண்டாவது, போரைப் பற்றி எதைச் சொல்வது என்பதை வயதுக்கேற்ப முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘மாமாவைக் காணவில்லை, தேடுகின்றோம், நீ பத்திரமாக இருக்கின்றாய்’ என்பது போதும். கேள்வி கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். ‘மாமா வெளிநாட்டில்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் பின்னர் யாரையும் நம்ப மறுக்கின்றார்கள்.

மூன்றாவது, பாட்டனின் உடம்பைக் கவனியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தக் கிளினிக் நாட்களைத் தவறவிடாமல் அனுப்புங்கள். பார்வை மங்கியவர் பிரதான வீதியில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது ஆபத்து. அதைத் தடுப்பது அவமரியாதை அல்ல.

நான்காவது, அவர் ஒருநாள் இல்லாமற் போவார் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். பாட்டன் ஒருவரையே உலகமாகக் கொண்ட பிள்ளைக்கு அந்த நாள் மிகவும் கடினமானது. சித்தி, மாமி, அயல்வீட்டுப் பிள்ளைகள், ஆசிரியர் என்று வேறு கைகளும் அவனைத் தொட்டிருக்க வேண்டும். அதோடு, பாட்டன் சொல்லும் ஊர்க் கதைகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அந்த வேலையைப் பேத்தியிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது.

பிள்ளையின் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அணுகலாம். சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929, பெண்களுக்கானது 1938.

எமது பேரப்பிள்ளைகள் எமது இழந்தவர்களின் பெயர்களைத் தாங்கட்டும். அது அந்தப் பெயர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் அந்தப் பெயருக்குரிய வாழ்க்கை அவர்களுடையதாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பாட்டன்மாரைப் பற்றி எமக்கு எழுதுங்கள். இந்தப் பகுதியை முடிந்தால் அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.